கள்ளத் திறவுகோலும் கணிதச் சாட்சியும்

கொழும்பிலிருந்து மலைநாடு நோக்கிச் செல்லும் புகையிரதத்துக்கு ரம்புக்கனை ஒரு முக்கியமான தரிப்பிடம். இரட்டைத் தண்டவாளம் ஒற்றையாவதும், கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குவதும் இங்கேதான். அவ்வூரைச் சூழ்ந்த கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில், லயத்துக் கூரைகளின் மேல் வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் டிஷ் அன்டனாக்களை இன்று காணலாம். மாலையில் கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, சில வேளைகளில் தொலைக்காட்சித் திரையின் ஒரு மூலையில் நீண்ட எண்வரிசை ஒன்று தோன்றும். சில விநாடிகளில் மறைந்துவிடும். சற்றுப் பொறுத்து வேறோர் இடத்தில் மீண்டும் தோன்றினாலும் தோன்றும். கருவியில் ஏதோ கோளாறு என்று சிறுவர் எண்ணுவர். படத்தைக் கெடுக்கிறதே என்று பெரியோர் சலித்துக்கொள்வர். அது கோளாறு அன்று. அந்த எண், அந்த வீட்டிலுள்ள பெட்டியின் பெயர். அடுத்த லயத்தில் அதே ஆட்டத்தைக் காட்டும் பெட்டியில் தோன்றும் எண் வேறு.

ஒரே வானத்திலிருந்து ஒரே படம் இறங்கி வருகையில், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பெயர் எதற்காக? இக்கேள்விக்கு விடை காணப் புறப்பட்டால், கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணித அறிஞர்கள் ஆராய்ந்து வரும் ஒரு சிக்கலை வந்தடையலாம். பலருக்கும் கொடுத்த திறவுகோல்களில் ஒன்றைக் கள்ளத்தனமாகப் பிறருக்குக் கொடுத்தவர் யார் என்று கண்டுபிடிப்பது எங்ஙனம் என்பதே அச்சிக்கல்.

1925 ஆம் ஆண்டில் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. வானொலியின் இயல்பு மழையின் இயல்பை ஒத்தது. பெய்தால் எல்லார் முற்றத்திலும் பெய்யும். குடம் வைத்திருப்பவர் எவரும் ஏந்திக்கொள்ளலாம். செய்மதித் தொலைக்காட்சியும் அவ்வாறே எல்லார் கூரை மீதும் இறங்குகிறது. ஆனால், சந்தா செலுத்தியோர்க்கு மட்டுமே உரிய சேவையாயின், அது பூட்டப்பட்ட நிலையில் இறங்குகிறது. படமும் ஒலியும் முதலில் எண்களாக மாற்றப்படுகின்றன. பின்னர் அந்த எண்கள் ஓர் இரகசிய எண்ணைக் கொண்டு அடையாளம் தெரியாதபடி கலைக்கப்படுகின்றன. அந்த இரகசிய எண்ணை அறிந்த பெட்டி மட்டுமே அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலும். ஆதலின் அவ்வெண்ணைத் திறவுகோல் என்கின்றனர்.

இத்திறவுகோல் ஒரு நாள் முழுவதும் ஒன்றாகவே இருப்பதில்லை. சில விநாடிகளுக்கு ஒரு முறை அது மாறிக்கொண்டே இருக்கும். மாறும் திறவுகோல் ஒவ்வொன்றும் மற்றொரு பூட்டினுள் வைக்கப்பட்டு, படத்துடன் சேர்ந்தே வானிலிருந்து வருகிறது. அந்த இரண்டாம் பூட்டைத் திறக்கும் நிலையான திறவுகோல், சந்தாதாரரின் பெட்டியிலுள்ள அட்டையில் பதிந்திருக்கிறது. சந்தா செலுத்தியவரின் அட்டை மாறும் திறவுகோலைப் பெற்றுக் கொடுக்க, பெட்டி படத்தைத் திறந்து காட்டுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. எல்லா அட்டைகளிலும் ஒரே திறவுகோல் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சந்தாதாரர் அதைத் தம் அட்டையிலிருந்து பிரித்தெடுத்துக் கள்ளப் பெட்டி செய்பவனுக்கு விற்றுவிடுகிறார். அந்தக் கள்ளப் பெட்டி பின்னர் பிடிபட்டு, அதனுள் இருக்கும் திறவுகோலும் வாசிக்கப்படுகிறது. அதனால் என்ன பயன்? எல்லாரிடமும் உள்ள திறவுகோலே அங்கும் இருக்கிறது. விற்றவர் ரம்புக்கனையில் இருக்கிறாரா, இரத்தினபுரியில் இருக்கிறாரா, கொழும்பில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. எல்லாருக்கும் பொதுவான பொருள் எவரையும் காட்டிக் கொடுப்பதில்லை.

தோட்ட மக்கள் நன்கு அறிந்த ஒரு வழக்கம் இதற்கு விடை காட்டும். சபரகமுவத் தோட்டங்களிலிருந்து கொழும்பு ஏலத்துக்குச் செல்லும் தேயிலைப் பொதிகளின் மீது தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் இன்வாய்ஸ் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். பொதியில் குறை காணப்பட்டால், எந்தத் தொழிற்சாலையில், எந்தத் தொகுதியில் அது உண்டானது என்று பின்னோக்கிச் சென்று பார்த்துவிடலாம். அவ்வாறே ஒவ்வொரு சந்தாதாரருக்கும் வெவ்வேறு திறவுகோல் கொடுத்துவிட்டால் சிக்கல் தீராதா என்று கேட்கத் தோன்றும். தீரும், ஆனால் வேறொன்று முளைக்கும். பத்தாயிரம் சந்தாதாரர் இருந்தால், மாறும் திறவுகோலைப் பத்தாயிரம் பூட்டுகளில் தனித்தனியே வைத்து, சில விநாடிகளுக்கு ஒரு முறை ஒலிபரப்ப வேண்டியிருக்கும். பத்து இலட்சம் சந்தாதாரர் எனில் பத்து இலட்சம் பூட்டுகள். படத்தை அனுப்ப வேண்டிய வானலையைப் பூட்டுகளே நிரப்பிவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியை 1994 ஆம் ஆண்டில் பெனி சோர், ஆமோஸ் ஃபியட், மோனி நவோர் என்னும் மூன்று இஸ்ரேலியக் கணினியியலாளர் ஓர் ஆய்வுரையில் வெளியிட்டனர். துரோகிகளைத் தடம் காணல் என்பது அதன் தலைப்பின் பொருள். அவர்களுடைய கருத்தின் சாரத்தைச் சிறு எண்களைக் கொண்ட ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம்.

மாறும் திறவுகோலை முதலில் பத்துத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். பத்துத் துண்டுகளும் சேர்ந்தால்தான் அது பயன்படும். ஒன்று குறைந்தாலும் பயனில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் பத்துப் பிரதிகள் எடுத்து, 0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்துப் பூட்டுகளில் வைக்க வேண்டும். ஒரு துண்டின் பத்துப் பூட்டுகளில் ஏதேனும் ஒன்றைத் திறந்தாலும் அத்துண்டு கிடைத்துவிடும். இனி, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் துண்டுக்கு ஒன்றாகப் பத்துத் திறவுகோல்கள் கொடுக்கப்படும். எந்தத் துண்டுக்கு எந்த எண்ணுள்ள திறவுகோல் என்பது திருவுளச் சீட்டுப் போட்டதுபோல் தற்செயலாக அமையும். ஒருவருக்கு 4, 0, 7, 7, 1, 9, 3, 2, 8, 5 என்று வரலாம். அடுத்தவருக்கு 2, 6, 7, 0, 5, 9, 1, 1, 4, 3 என்று வரலாம். வானில் அனுப்ப வேண்டிய பூட்டுகள் நூறுதான். ஆனால் கொடுக்கக்கூடிய வெவ்வேறு திறவுகோற் கொத்துகளோ ஆயிரம் கோடி. இதுவே இம்முறையின் சிறப்பு.

இப்போது ஒருவர் தம் கொத்தை அப்படியே கள்ளப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால் அவர் தப்ப முடியாது. பெட்டி அகப்பட்டதும் அதிலுள்ள பத்து எண்களையும் வாசித்து, பதிவேட்டுடன் ஒப்பிட்டால் போதும். திறவுகோல் கொடுத்தவர் தம் கையொப்பத்தையும் அதனுடன் கொடுத்திருக்கிறார்.

ஆனால் கள்வர் அத்துணைப் பேதையர் அல்லர். இருவர் கூடிச் சதி செய்யலாம். முதல் மூன்று துண்டுகளுக்கு ஒருவருடைய திறவுகோல், அடுத்த இரண்டுக்கு மற்றவருடையது என்று கலந்து ஒரு புதிய கொத்தை உண்டாக்கலாம். இரண்டு தோட்டங்களின் தேயிலையைக் கலந்து புதிய பொதியில் நிரப்பிவிட்டால் பழைய பெயர் மறைந்துவிடுவது போன்றது இது. எனினும் கலப்பிலும் ஒரு தடம் எஞ்சும். கள்ளப் பெட்டி இயங்குவதற்குப் பத்துத் துண்டுகளும் தேவை. பத்தையும் இருவரே தந்தனர் எனின், அவர்களுள் ஒருவராவது ஐந்துக்குக் குறையாமல் தந்திருக்க வேண்டும். இதிலிருந்து தப்ப வழியே இல்லை. சதியில் ஈடுபடாத ஒருவருடைய எண்களோ பத்தில் ஏறத்தாழ ஒன்றுதான் தற்செயலாக ஒத்திருக்கும். எனவே மிகுதியாக ஒத்திருப்பவரைத் தேடினால் குற்றவாளிகளுள் ஒருவரை அடையலாம் என்பது அந்த ஆய்வுரையின் அடிப்படை.

இந்த இடத்தில்தான் கணிதம் நீதியோடு சந்திக்கிறது. பத்தில் ஒன்று என்பது சராசரிக் கணக்கு. சராசரியை மீறுவோர் எப்போதும் உண்டு. ஒரு பாவமும் அறியாத சந்தாதாரரின் கொத்து, கள்ளக் கொத்துடன் ஐந்து இடங்களிலோ அதற்கு மேலோ தற்செயலாகவே ஒத்துப்போகும் வாய்ப்பு எவ்வளவு? கணக்கிட்டுப் பார்த்தால், ஆயிரம் பேரில் ஒருவருக்கும் இருவருக்கும் இடைப்பட்ட அளவில் அது நிற்கிறது. சிறிய எண் என்று தோன்றும். பத்தாயிரம் சந்தாதாரர் உள்ள சேவையிலோ அது ஏறத்தாழ 16 பேர். உண்மைக் குற்றவாளியோடு சேர்த்துப் பதினாறு நிரபராதிகளும் அதே கூண்டில் நிற்பர். அவர்களுள் ஒருவர், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சந்தா செலுத்திவரும் தோட்டத் தொழிலாளியாக இருந்தால் அவர் நிலை என்ன? சேவை துண்டிக்கப்பட்டு, செய்யாத திருட்டுக்குப் பெயர் சுமந்து, எந்தக் கணக்கின்படி தாம் குற்றவாளியானோம் என்பதும் விளங்காமல் அவர் நிற்க நேரும்.

அறிஞர்கள் இந்த அபாயத்தை முதலிலேயே கண்டனர். துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே அதற்கு அவர்கள் கூறிய மருந்து. பத்துக்குப் பதிலாக நாற்பது துண்டுகள் என்று கொள்ளலாம். இருவர் கூடினால் ஒருவராவது இருபது தந்திருப்பார். நிரபராதி ஒருவர் நாற்பதில் இருபது இடங்களிலோ அதற்கு மேலோ தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு, ஐந்நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. அனுப்ப வேண்டிய பூட்டுகள் நூறிலிருந்து நானூறாக உயர்கின்றன. ஐயமோ இல்லையென்றே சொல்லக்கூடிய அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது. கூடுதலான முந்நூறு பூட்டுகள் நிரபராதியின் மானத்துக்காகச் செலுத்தும் விலை எனலாம்.

இந்த உறுதிக்கும் எல்லை உண்டு. அதே நாற்பது துண்டு முறையில் மூவர் கூடினால், ஒருவர் பதினான்கு மட்டும் தந்து ஒதுங்கலாம். அப்போது நிரபராதி சிக்கும் வாய்ப்பு இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டாக உயர்ந்துவிடும். ஆகவே, எத்தனை பேர் கூடிச் சதி செய்தாலும் பிடிப்போம் என்று எந்த முறையும் வாக்களிப்பதில்லை. இத்தனை பேர் வரை என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டுதான் அமைக்கப்படுகிறது. ஹங்கேரியக் கணித அறிஞர் காபோர் தார்தோஸ் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு, படங்களிலும் பிற எண்வடிவப் பொருள்களிலும் பதிக்கப்படும் அடையாள வரிசைகளைப் பற்றியது. சதிகாரரின் எண்ணிக்கை இரு மடங்கானால் அடையாள வரிசையின் நீளம் ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. கூட்டுச் சதியை எதிர்ப்பது செலவு மிகுந்த காரியம்.

இம்முறைகள் ஏட்டளவில் நின்றுவிட்டனவா என்னும் ஐயம் எழலாம். அடையாளம் இல்லாத பூட்டுகள் பட்ட பாட்டை நடைமுறை உலகம் நன்கு அறியும். டி.வி.டி. வட்டுகளில் வந்த திரைப்படங்களுக்கு ஒரு பூட்டு முறை இருந்தது. அதில் திறவுகோல்கள் கருவி செய்யும் நிறுவனங்களுக்கே வழங்கப்பட்டன. வாங்குவோர் ஒவ்வொருவருக்கும் தனித்திறவுகோல் கிடையாது. 1999 ஆம் ஆண்டில் ஒரு கணினி மென்பொருளில் சரிவரப் பாதுகாக்கப்படாத திறவுகோல் வெளிப்பட்டு, அப்பூட்டு முறையே உடைந்தது. ஒரு நிறுவனத்தின் திறவுகோலைத் தள்ளுபடி செய்தால், அந்நிறுவனத்தின் கருவியை நேர்மையாக வாங்கிய அனைவரும் தண்டிக்கப்படுவர். தள்ளுபடி செய்யாவிட்டால் கள்ளப் பிரதி பெருகும். உயர்தெளிவு வட்டுகளுக்காக ஏ.ஏ.சி.எஸ். என்னும் புதிய முறை வந்தபோது, குறிப்பிட்ட திறவுகோல்களை மட்டும் தள்ளுபடி செய்யும் வசதி அதனுள் அமைக்கப்பட்டது. எனினும் 2007 ஆம் ஆண்டில், பல கருவிகளுக்கும் பொதுவாய்ப் பயன்பட்ட ஒரு திறவெண் இணையத்தில் வெளியாயிற்று. அதை நீக்குமாறு உரிமையாளர் அறிவித்தல் அனுப்ப அனுப்ப, மக்கள் அதைச் சட்டைகளில் கூட அச்சிட்டுப் பரப்பினர். பொதுவான இரகசியம் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால், அதை மீட்பதும் அரிது. அதைக் கொண்டு வெளியிட்டவரைக் காண்பதும் அரிது.

செய்மதித் தொலைக்காட்சியில் கள்வர் கண்ட தந்திரம் இன்னும் நுட்பமானது. அவர்கள் அட்டையிலுள்ள தனித்திறவுகோலை வெளியே எடுப்பதே இல்லை. நேர்மையாகச் சந்தா செலுத்திய ஓர் அட்டையை ஒரு கணினியுடன் இணைத்து, அது திறந்து கொடுக்கும் மாறும் திறவுகோலை மட்டும் விநாடிக்கு விநாடி இணையத்தின் வழியே நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு அனுப்புகின்றனர். மாறும் திறவுகோல் எல்லாச் சந்தாதாரருக்கும் பொதுவானது ஆதலால், அதில் எவர் பெயரும் இராது. கையொப்பமுள்ள கடிதத்தை அனுப்பாமல், அதிலுள்ள செய்தியை மட்டும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவதற்கு இது ஒப்பாகும். திறந்த படத்தையே திரையிலிருந்து பிரதி செய்து ஒளிபரப்புவோரும் உளர்.

திறவுகோலில் அடையாளம் இடுவது இங்கே பயன்படாமற் போகவே, படத்திலேயே அடையாளம் இடும் வழி பிறந்தது. தொடக்கத்தில் கூறப்பட்ட எண்வரிசை அவ்வகையைச் சேர்ந்தது. எவரேனும் படத்தைப் பிரதி செய்து ஒளிபரப்பினால், அவருடைய பெட்டியின் எண்ணும் அப்பிரதியில் சேர்ந்துவிடும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகள் இதை ஒரு கடப்பாடாகவே ஆக்கின. தொலையியக்கியின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அந்த எண் அகலக்கூடாது. திரையில் அது தோன்றும் இடம் மாறிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அடையாளத்துடன் தெரியாத அடையாளத்தையும் இட வசதி இருக்க வேண்டும் என்பன அவ்விதிகளுட் சில. ஒரே இடத்தில் தோன்றும் எண்ணை ஒரு துண்டுத் துணியால் மறைத்துவிடலாம். இடம் மாறும் எண்ணை அவ்வாறு மறைக்க இயலாது.

உயர்தெளிவு வட்டுகளின் ஏற்பாட்டிலும் இதனையொத்த ஒரு நுட்பம் உண்டு. திரைப்படத்தின் சில சிறு பகுதிகளைச் சிறு வேற்றுமைகளுடன் பல வடிவங்களில் பதிய அது இடம் தருகிறது. எந்தக் கருவி எந்த வடிவத்தைத் திறக்கும் என்பது அதன் திறவுகோல்களைப் பொறுத்தது. பார்ப்பவருக்கு வேற்றுமை புலப்படாது. கள்ளப் பிரதியில் எந்தப் பகுதிக்கு எந்த வடிவம் வந்திருக்கிறது என்று வரிசையாகக் குறித்தால், மேலே கண்ட பத்து எண் கொத்தைப் போன்ற ஒரு வரிசை கிடைக்கும். அதன்பின் கணக்கு ஒன்றே.

சட்டமும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. பூட்டப்பட்ட ஒளிபரப்பை உரிமையில்லாதோர் பெறுவதற்கு உதவும் கருவிகளைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கருத்திற் கொண்டுள்ளது. ஆயினும் சட்டத்தின் முன் வைக்கப்படும் எண்ணுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை இங்கே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

எண் காட்டுவது பெட்டியை, மனிதரை அன்று. தோட்டத்து வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கொழும்பில் வேலை பார்க்கும் மகன் தன் பெயரில் வாங்கிய பெட்டியை லயத்திலுள்ள பெற்றோர் பார்க்கலாம். ஊரை விட்டுப் போனவர் தம் பெட்டியை அயலாருக்கு விற்றுவிட்டிருக்கலாம். பதிவேட்டிலோ பழைய பெயரே நிற்கும். பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் அட்டை வேறு கைகளுக்குப் போயிருக்கலாம். பெட்டியிலிருந்து மனிதரை அடையும் அந்தக் கடைசி அடியைக் கணிதம் எடுத்து வைப்பதில்லை. அது விசாரணையின் வேலை.

இரண்டாவது ஐயம் இன்னும் ஆழமானது. சந்தாதாரரின் திறவுகோற் கொத்தை அறிந்தவர் சந்தாதாரர் மட்டும் அல்லர். அதைக் கொடுத்த நிறுவனமும் அறியும். அப்படியிருக்க, அக்கொத்து நிறுவனத்தின் உள்ளேயிருந்தே களவு போகவில்லை என்று எவ்வாறு நிலைநாட்டுவது? குற்றஞ்சாட்டுபவர் கையிலும் அதே திறவுகோல் இருக்கையில், அது எப்படிச் சாட்சியாகும்? ஜெர்மனியைச் சேர்ந்த பிர்கிட் ஃபிட்ஸ்மன் 1996 ஆம் ஆண்டில் இக்கேள்வியை எழுப்பி, அதற்கு ஒரு விடையையும் முன்வைத்தார். திறவுகோலைக் கொடுக்கும்போதே, அதன் முழு வடிவம் சந்தாதாரருக்கு மட்டுமே தெரியும்படி கொடுக்க இயலும். கள்ளப் பெட்டி அகப்பட்ட பின்னர்தான் நிறுவனம் அதன் உரிமையாளரைக் கண்டறிய முடியும். அவ்வாறு கண்டறிந்ததை நடுநிலையாளர் ஒருவர் முன் மெய்ப்பிக்கவும் முடியும். நிறுவனம் தானாகவே ஒருவர் மீது பொய்ப்பழி சுமத்த அதில் இடமில்லை. இரண்டு பக்கத்தாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதே நீதி என்றால், பூட்டுச் செய்யும் கலையிலும் அந்த நீதிக்கு இடமுண்டு என்பது இதனால் விளங்கும்.

கள்வரைப் பிடிப்பதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, நிரபராதியைக் காப்பது எப்படி என்னும் ஆராய்ச்சியாக வளர்ந்திருப்பது கருதத்தக்கது. ஒத்துப்போகும் எண் ஒன்றைக் காட்டி, இவர்தாம் குற்றவாளி என்று கூறுவது எளிது. எத்தனை இடங்களில் ஒத்துப்போகிறது, எத்தனை பேரிடையே தேடப்பட்டது, ஒரு நிரபராதி இவ்வாறு அகப்படும் வாய்ப்பு எவ்வளவு, அந்தத் திறவுகோலை வேறு எவர் அறிவார் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை சொன்ன பிறகே அந்த எண் சாட்சியாகும். அதுவரை அது வெறும் எண்தான்.

ரம்புக்கனைத் தோட்டத்து வீட்டில், ஆட்டத்தின் நடுவே திரையில் எண்வரிசை மறுபடியும் தோன்றி மறையும்போது, அது அவ்வீட்டாரைச் சந்தேகிக்கிறது என்று வருந்த வேண்டியதில்லை. சரியான முறையில் அமைக்கப்பட்டு, சரியான முறையில் வாசிக்கப்படுமானால், செய்யாத குற்றம் அவ்வீட்டின் மீது விழாமல் காக்கும் சாட்சியும் அந்த எண்ணே ஆகும்.